நாலு நாள் பிரிக்காத கட்டு

மலர்க் குழுவிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணா, ஹாஸ்டல் மெஸ் சாம்பார், மலைக்கோட்டை ஏறினது, பரீட்சைக்கு முந்தின நாள் ஆஞ்சநேயருக்கு வேண்டிக்கிட்டது, இதெல்லாம் நிறையப் பேர் எழுதி அனுப்பிட்டாங்க. நீங்க சர்ஜரி ஆளு. ஏதாவது சரித்திரமா எழுதுங்களேன்" என்றார். எனக்குத் தெரிந்த சரித்திரம் ராஜாக்களுடையது அல்ல. ஒரு மாட்டு வண்டிக்காரர், ஒரு செம்மறி ஆடு, சில இரட்டைக் கன்றுகள், நடுவில் நான் கெடுத்த ஒரு குதிரைக் கால், இவ்வளவுதான். எல்லாம் ஒட்டுத்தோல் சம்பந்தப்பட்டது. பரவாயில்லை என்றார். எழுதுகிறேன்.

நம் கல்லூரி 1985-ல் மோகனூர் சாலையில் தொடங்கியபோது நாமக்கல் சேலம் மாவட்டத்தில் ஒரு தாலுகா. தனி மாவட்டம் ஆனது 1997-ல். நாங்கள் சேர்ந்தபோது கல்லூரி கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. நாங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே, 1989 செப்டம்பரில், கால்நடைகளுக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் வந்தது. வேப்பேரிக் கல்லூரி 1903-ல் சைதாப்பேட்டையில் பிறந்தது. அந்த அக்காவோடு ஒப்பிட்டால் நாம் கைக்குழந்தை. அங்கிருந்து வந்த சீனியர்கள் இதைச் சொல்லிக் காட்டத் தவறியதில்லை.

வகுப்பில் ஒட்டுத்தோல் பற்றிப் படித்திருந்தேன். படித்தது என்றால், பரீட்சைக்கு ஐந்து மார்க் அளவுக்கு. அதைக் கையால் செய்யவேண்டிய நாள் வந்தது 1993-ல், ஒரு கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் உதவி மருத்துவராக நான் இருந்தபோது. ஊர்ப் பெயர் வேண்டாம்.

ஒரு பெரியவர் தன் பெட்டைக் குதிரையை நடத்திக் கூட்டி வந்தார். பெயர் ராணி. வண்டிக் குதிரை. பின்னங்காலில், முட்டிக்குக் கீழே, முள்கம்பி கிழித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. புண் மூடவில்லை. சதை மட்டும் வெளியே தள்ளி, காலிஃப்ளவர் போலப் பூத்து, தொட்டால் ரத்தம் கசிந்தது. குதிரை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், முழங்காலுக்குக் கீழே குதிரைக்குப் புண் வந்தால் அது லேசில் ஆறாது. பெரியவர் மயில்துத்தம் வைத்துப் பார்த்திருந்தார், சுண்ணாம்பு வைத்திருந்தார், யாரோ சொன்னார்கள் என்று பேட்டரிக் கரி கூட. "வித்துரலாம்னு பையன் சொல்றானுங்க. வாங்குறவன் எதுக்கு வாங்குவான்னு எனக்குத் தெரியுமுங்க டாக்டரு" என்றார்.

நான் இளரத்தம். புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். வளர்ந்த சதையைத் தோல் மட்டத்துக்கு வெட்டிச் சமப்படுத்தினேன். (அந்தச் சதையில் நரம்பு கிடையாது, வலிக்காது. ரத்தம்தான் ஆறாக ஓடும்.) கழுத்தில் பிடரி மயிருக்கு அடியிலிருந்து ஊசி நுனியால் தோலைத் தூக்கித் தூக்கி, நெல்மணி அளவுக்குக் கிள்ளி எடுத்து, புண்ணில் சின்னச் சின்னப் பைகள் குத்திச் செருகினேன். மேலே மருந்து வலைத்துணி, பஞ்சு, கட்டு. மொத்தம் முப்பதுக்கு மேல் இருக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது பெருமையாக இருந்தது.

இரண்டாம் நாள் காலை எனக்குப் பொறுக்கவில்லை. பிடித்ததா இல்லையா என்று பார்த்தே ஆகவேண்டும். கட்டைப் பிரித்தேன். வலைத்துணி உலர்ந்து ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு ஊறவைக்கும் பொறுமையும் இல்லை, இழுத்தேன். நெல்மணிகள் அத்தனையும் துணியோடு வந்துவிட்டன. ராணி ஓர் உதை விட்டது, அது எனக்கு வேண்டியதுதான்.

பெரியவர் கோபப்படவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மெதுவாகச் சொன்னார்: "மாங்கன்னு ஒட்டுக் கட்டுனாக்கூட ரெண்டு மாசம் கட்டை அவுக்க மாட்டோமுங்க. நீங்க ரெண்டாம் நாளே அவுத்துப்போட்டீங்களே."

சேலம் ஜில்லாக்காரர் சொல்லக்கூடிய பேச்சு. மல்கோவா ஒட்டுக் கட்டும் ஊர்க்காரருக்கு ஒட்டு என்றால் என்னவென்று தெரியும். எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. அன்று முதல்தான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் எனக்குக் கிடைத்தவர் கவாஸ்ஜி. மருத்துவ மாணவர்களுக்குத் தெரிந்த பெயர். நம்மவர்களுக்குத் தெரியவேண்டிய பெயர். காரணம், அவர் தொழில் மாடு ஓட்டுவது. மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்குச் சாமான் இழுத்த மாட்டு வண்டிகளில் ஒன்றை ஓட்டியவர். 1792-ல் திப்புவின் ஆட்களிடம் பிடிபட்டார். மூக்கும் ஒரு கையும் போயின. (அந்தப் போர் முடிந்து செய்த உடன்படிக்கையில்தான் நம் சேலமும் பாராமகாலும் கம்பெனி கைக்குப் போயின. ஆகவே இது நமக்குத் தூரத்துக் கதை இல்லை.) ஏறத்தாழ ஒரு வருஷம் மூக்கில்லாமல் இருந்தவருக்குப் பூனாவுக்கு அருகில் செங்கல் சுடும் வகுப்பைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு வைத்தார். பம்பாய் ராஜதானியின் ஆங்கில மருத்துவர்கள் இருவர் நேரில் பார்த்தார்கள். 1794 அக்டோபரில் லண்டன் ஜென்டில்மேன்ஸ் மேகஸினில் படத்தோடு செய்தி வந்தது.

முறை இது. மெழுகில் ஒரு மூக்கு செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு கிழிப்பார்கள். அந்த அளவுக்கு நெற்றித்தோலை உரித்து, புருவங்களுக்கு நடுவே ஒரு காம்பை மட்டும் அறுக்காமல் விட்டு, முறுக்கிக் கீழே திருப்பி மூக்கின் இடத்தில் பொருத்துவார்கள். ஓரங்களில் ஒட்டுவதற்குத் தையல் இல்லை, காசுக்கட்டிக் குழம்பில் தோய்த்த துணிப் பட்டைகள். நம் பாட்டிமார் வெற்றிலையோடு போட்டுக்கொண்ட அதே காசுக்கட்டி. அதில் துவர்ப்புச் சத்து இருக்கிறது, ரத்தக் கசிவை நிறுத்தும். அப்புறம்? நாலு நாளைக்கு அந்தப் பக்கமே போகக்கூடாது. நாலு நாள் கழித்துத் துணியை எடுத்து நெய்யில் நனைத்த துணி. நோயாளி ஐந்தாறு நாள் மல்லாக்கப் படுத்திருக்கவேண்டும். பத்தாம் நாள் மூக்குத் துவாரங்களில் மெல்லிய துணி. இருபத்தைந்தாம் நாள் வாக்கில் காம்பை வெட்டுவார்கள்.

நாலு நாள் என்ற இடத்தைப் படித்தபோது எனக்கு ராணியின் கால் ஞாபகம் வந்தது.

மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பூனாவில் செய்தது, நம் பாஷையில் சொன்னால், நெருக்கு ஒட்டு. மாமரத்தில் தாய்மரக் கிளையை அறுக்காமலே கன்றோடு சேர்த்துக் கட்டி, இரண்டும் ஒன்றான பிறகு தாயிடமிருந்து பிரிக்கிறோமே, அது. தோலுக்கு அதன் சொந்த ரத்தம் காம்பு வழியாக வந்துகொண்டே இருக்கும். நான் ராணிக்குச் செய்தது, குருத்தை முழுதாக வெட்டி எடுத்து வேறு இடத்தில் வைக்கும் ஒட்டு. அந்தத் துண்டுக்கு ரத்தமே கிடையாது. வைத்த இடம் கொடுத்தால் உண்டு. இரண்டையும் நம் ஊரில் ஒட்டு என்றே சொல்வதால் மாணவர்கள் குழம்புகிறார்கள். நான் முதலாவதை மடல் என்றும் இரண்டாவதை ஒட்டு என்றும் சொல்லிவிடுவது வழக்கம்.

லண்டனில் கார்ப்யூ என்ற சர்ஜன் அந்த மேகஸின் செய்தியைப் பிடித்துக்கொண்டு, பிணங்களில் பழகிப் பார்த்து, 1814-ல் உயிருள்ள நோயாளிக்குச் செய்தார். ஐரோப்பாவில் மூக்குச் சிகிச்சை மறுபடி தலையெடுத்தது அப்படித்தான்.

வெட்டி எடுத்த தோல் பிழைக்குமா என்ற கேள்விக்கு முதலில் விடை சொன்னது மனிதன் இல்லை, ஆடு. இத்தாலியில் மிலான் நகரில் ஜுசெப்பே பரோனியோ என்பவர் 1804-ல் வெளியிட்ட புத்தகத்தில் வருகிறது. ஒரு செம்மறி ஆட்டின் வால் அடிப்பக்கத்தில் வலது புறத் தோலை இடது புறத்துக்கும், இடதை வலதுக்கும் மாற்றி வைத்தார். பிடித்தது. பதிவான தோல் ஒட்டுச் சோதனைகளில் இதைத்தான் முதலாவதாகச் சொல்கிறார்கள். அவருக்கு இந்த யோசனை வந்ததற்குக் காரணம் சந்தையில் மருந்து விற்ற ஒரு பெண்பிள்ளையின் கதையாம். தன் தொடைத் தோலில் ஒரு துண்டை வெட்டி, தட்டில் வைத்துக் கூட்டத்தில் சுற்றுக்கு விட்டு, பிறகு அதை ஒட்டித் தன் களிம்பைத் தடவி, "பாருங்கள் மகிமையை" என்பாளாம். நம் சந்தைகளில் கீரியும் பாம்பும் காட்டித் தைலம் விற்பவர்கள் இவ்வளவு தூரம் போனதில்லை. பரோனியோவின் ஆட்டுக்கு எந்தத் தைலமும் தேவைப்படவில்லை, தோல் தானாகவே பிடித்தது.

பிறகு வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது. 1869-ல் பாரிஸில் ரெவர்தான் கிள்ளு ஒட்டுச் செய்தார். நான் ராணிக்குச் செய்தது அதன் பேரப்பிள்ளை. 1874-ல் ஜெர்மனியில் தீர்ஷ் மெல்லிய சீவல்களாக எடுத்து வைத்தார். 1875-ல் கிளாஸ்கோவில் உல்ஃப், தோலை முழுக் கனத்தில் எடுத்து, அடிக்கொழுப்பைச் சுத்தமாகச் சீவிவிட்டு, கண் இமைக்கு வைத்தார். 1964-ல் டானரும் சகாக்களும் ஒட்டுத்தோலில் வரிசையாகக் கீறல் போட்டு வலையாக இழுத்து விரிக்கும் கருவியைக் கொண்டுவந்தார்கள். சின்னத் தோல் பெரிய புண்ணை மூடும், அடியில் சேரும் நீரும் கண் வழியாக வெளியேறும். கருவி இல்லாவிட்டால் பிளேடால் கையாலேயே கீறலாம், நாய்களுக்கு நான் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

மாடுகள் வந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நிற்கவேண்டும். இந்தக் கதையை நம் மாணவர்களில் பலர் மருத்துவக் கல்லூரி நண்பர்கள் சொல்லிக் கேட்கிறார்கள். அது எனக்கு வருத்தம்.

ஒருவர் தோல் இன்னொருவருக்குப் பிடிக்காது, இரண்டாம் தடவை வைத்தால் முதல் தடவையைவிடச் சீக்கிரம் உதிரும் என்று 1943-ல் பீட்டர் மெடவார், கிப்சன் என்ற சர்ஜனோடு சேர்ந்து காட்டியிருந்தார். 1948-ல் ஸ்டாக்ஹோமில் ஒரு மரபியல் மாநாடு. அங்கே ஹ்யூ டொனால்ட் என்ற கால்நடை ஆராய்ச்சியாளர் அவரைப் பார்த்து, "எங்களிடம் இரட்டைக் கன்றுகள் இருக்கின்றன. எது ஒரே கருவில் பிரிந்தது, எது இரண்டு கரு என்று கண்டுபிடிக்க வழி உண்டா?" என்று கேட்டார். மெடவார், அது ரொம்பச் சுலபம் என்றார். ஒன்றின் தோலை மற்றதில் வைத்தால் போதும். ஒரே கரு என்றால் பிடிக்கும், வேறு கரு என்றால் உதிரும்.

சொன்ன வாக்கைக் காப்பாற்ற அவரும் பில்லிங்ஹாமும் பர்மிங்ஹாமிலிருந்து பண்ணைக்குப் போய்ப் போய் மாடுகளுக்குத் தோல் ஒட்டினார்கள். சுலபமாக இருக்கவில்லை. ஏறத்தாழ எல்லா இரட்டைகளும் ஒன்றின் தோலை மற்றது ஏற்றுக்கொண்டன. காளைக்கன்றும் கிடாரிக்கன்றுமாகப் பிறந்த ஜோடி கூட. அவை ஒரே கருவாக இருக்கவே முடியாது. ஆனால் வேறு ஈற்றில் பிறந்த கூடப்பிறப்பின் தோலை வைத்தால் உதிர்ந்தது.

விடை அமெரிக்காவில் விஸ்கான்சினில் 1945-லேயே காத்திருந்தது. ரே ஓவன் என்பவர் இரட்டைக் கன்றுகளின் ரத்தத்தைப் பார்த்து, ஒன்றின் ரத்த அணுக்கள் மற்றதன் உடலில் வாழ்நாள் முழுக்க இருப்பதைக் கண்டிருந்தார். கர்ப்பப்பையில் இரண்டின் நஞ்சுக்கொடி ரத்தக்குழாய்களும் இணைந்துவிடுவதால் ஒன்றின் ரத்தம் மற்றதற்குள் ஓடுகிறது. காளையோடு கூடப் பிறந்த கிடாரி பெரும்பாலும் மலடு என்று நம் விவசாயிகள் சொல்வதற்கும் காரணம் அதே இணைப்புத்தான். அந்நிய அணுவைப் பிறப்பதற்கு முன்பே சந்தித்த உடம்பு அதைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு எலிகளில் செய்து, 1953-ல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். 1960-ல் மெடவாருக்கும் பர்னட்டுக்கும் நோபல் பரிசு. இன்றைக்கு ஒருவர் சிறுநீரகம் இன்னொருவருக்குப் பொருத்தப்படுவதன் பின்னால் இருக்கும் அறிவியலில், கன்றுக்குட்டிகளின் முதுகில் ஒட்டிய தோலுக்கு ஒரு பங்கு உண்டு.

நிற்க. இவ்வளவு கொடுத்த மாட்டுக்கும் ஆட்டுக்கும் திரும்பி வந்தது என்ன? அதே வித்தை அவற்றின் சொந்தப் புண்ணுக்கு எவ்வளவு பயன்பட்டிருக்கிறது? நுகத்தடி தேய்த்துத் தேய்த்துக் கழுத்தில் வந்த புண், கொம்புப் புற்றுக்கு வெட்டிய பிறகு மூடாத ஓட்டை, முள்கம்பிக் கிழிசல். இவற்றோடு வந்த எத்தனை மாடுகளுக்கு நாமே "களிம்பு போடுங்க, ஆறாட்டிப் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம்? ஆறாவிட்டால் அது எங்கே போகும் என்று எழுதவேண்டியதில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, ராணிக்கு வருகிறேன். நான் ஏன் தோற்றேன் என்பது படித்த பிறகுதான் விளங்கியது. வெட்டி வைத்த தோலுக்கு முதல் இரண்டு நாள் ரத்த ஓட்டமே கிடையாது. அடியில் ஊறும் நீரை ஸ்பஞ்சு போல உறிஞ்சி ஊதிப்போய்க் கிடக்கும். அதைப் பிடித்திருப்பது ஃபைப்ரின் என்ற மெல்லிய பசை மட்டும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் கீழேயுள்ள குழாய்களும் தோலின் அறுபட்ட குழாய்களும் வாய்க்கு வாய் பொருந்த ஆரம்பிக்கும். பிறகு புதுக் குழாய்கள் முளைத்து ஏறும். ஏழெட்டு நாளில்தான் இளஞ்சிவப்பு நிறம் வரும், பிடிப்பும் உறுதியாகும். நான் கட்டைப் பிரித்தது சரியாக அந்த வாய்கள் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்.

தோலுக்கு எதிரிகள் மூன்று: அடியில் தேங்கும் ரத்தமும் நீரும், அசைவு, கிருமி. ஒரு கிராம் திசுவில் ஒரு லட்சத்துக்கு மேல் கிருமி இருந்தால் ஒட்டுப் பிடிப்பது சந்தேகம் என்பது கணக்கு. நான் முதல் தடவை வெட்டிய உடனே, ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போதே செருகியிருந்தேன். ஆகவே கட்டைப் பிரிக்காமலே இருந்திருந்தாலும் பாதி போயிருக்கும். வெட்டிச் சமப்படுத்தி, அழுத்திக் கட்டி, ஒன்றிரண்டு நாள் விட்டு, பிறகு ஒட்டியிருக்கவேண்டும். எலும்போ, உறையில்லாத தசைநாரோ வெறுமனே தெரிந்தால் அதன் மேல் ஒட்டுப் பிழைக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்லவேளை, ராணிக்கு அது இல்லை.

ஒட்டாமலே விட்டால் என்ன என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். குதிரையின் கால் கீழ்ப்பகுதியில் புதுத்தோல் ஓரத்திலிருந்து உள்ளே வளரும் வேகம் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ராணியின் புண் எட்டு சென்டிமீட்டர் அகலம். இரு பக்கமிருந்தும் வளர்ந்து நடுவில் சந்திக்க நாற்பது மில்லிமீட்டர் போகவேண்டும், நானூறு நாள். அதுவும் நடுவில் சதை பொங்காமல் இருந்தால். ஆனால் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் தோல் தீவுகள் நட்டுவிட்டால், ஒவ்வொன்றும் ஐந்து மில்லிமீட்டர் பரவினால் போதும். ஐம்பது நாள்! நாற்று நட்ட வயல்தான்.

இரண்டாம் தடவைக்குக் கிள்ளு ஒட்டு வேண்டாம், துளை ஒட்டு என்று முடிவு செய்தேன். வட்ட வாய்க் கத்தி வேண்டும், கையில் இல்லை. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கு என்ன பஞ்சம்? ஒரு லேத்துக்காரரிடம் போய், துருப்பிடிக்காத இரும்புக் குழாயில் இரண்டு துண்டு, ஒன்று ஆறு மில்லிமீட்டர், ஒன்று நாலு, வாயைக் கத்தி மாதிரி தீட்டித் தரச் சொன்னேன். "எந்த வண்டிக்குங்க?" என்றார். குதிரைக்கு என்றேன். காசு வாங்கவில்லை.

பெரிய குழாயில் கழுத்துத் தோல் எடுத்தேன், சின்னக் குழாயில் புண்ணில் குழி போட்டேன். எடுத்த தோல் சுருங்கும் என்பதால் இந்த அளவு வித்தியாசம். குழியை முதலில் போட்டு, ரத்தம் நிற்கும்வரை பஞ்சுத் திரி செருகி வைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் தோலை நட்டேன். அடிக்கொழுப்பைச் சீவ மறக்கவில்லை, உல்ஃப் புண்ணியம். கீழ்ப்பக்க வரிசையிலிருந்து மேலே போனேன், மேலேயிருந்து வழியும் ரத்தம் நட்டதை மிதக்கவிடாது. கனத்த பஞ்சுக் கட்டு, இரு பக்கமும் மூங்கில் பத்தை. மருந்தகத்து வேப்பமரத்தடியில் ராணியை இரண்டு பக்கமும் கயிறு கட்டி, படுக்கவோ திரும்பவோ முடியாமல் நிறுத்தினோம். பெரியவர் அங்கேயே படுத்துக்கொண்டார். நான் சாவியை எடுத்துக் கட்டுக் கத்தரியைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அவரிடம் கொடுத்தேன். சிரித்தார், ஆனால் வாங்கி மடியில் முடிந்துகொண்டார்.

ஐந்தாம் நாள் சாவி கேட்டேன். கட்டை ஊறவைத்துப் பிரித்தோம். துண்டுகள் எல்லாம் கறுத்திருந்தன. சிலவற்றின் மேல்தோல் உரிந்து துணியோடு வந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது, திரும்பவும் போச்சு. பெரியவர் குனிந்து பார்த்து, "அடி பச்சையா இருக்குதுங்க டாக்டரு" என்றார். மாங்கன்றுக்காரர் பாஷையில் பச்சை என்றால் உயிர். மேல்தோல் உதிர்வது சகஜம், அடித்தோலும் மயிர்க்கால்களும் பிழைத்திருந்தால் அங்கிருந்து புதுத்தோல் முளைக்கும் என்று படித்திருந்தும், கண்ணால் கண்டபோது நான் நம்பவில்லை. மூன்றாம் வாரம் ஒவ்வொரு குழியைச் சுற்றியும் வெளிறிய ஒரு வளையம் தெரிந்தது. வளையங்கள் ஒன்றையொன்று தொட்டன. பத்து வாரத்தில் புண் மூடியது. முடி கொஞ்சம்தான் முளைத்தது, அதுவும் திக்குக்கு ஒன்றாக. பையன் அதைப் பார்த்துச் சிரித்தானாம். வண்டி ஓடியது.

இதற்குப் பின் வந்தவை மாணவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நாய்களுக்கு மடல் சிகிச்சை என்றால் பாவ்லெட்டிக் பெயரைச் சொல்லாமல் முடியாது. 1980-லும் அடுத்த வருஷமும் அவர் எழுதிய கட்டுரைகள் அந்தத் துறையை மாற்றின. நாயின் தோலுக்கு ரத்தம் வரும் வழி மனிதனுக்கு வருவது போல் அல்ல. தோலுக்கு நேராக வரும் தமனிகள் தோலுக்கு இணையாக, தோலைச் சிலிர்க்கவைக்கும் மெல்லிய தசையை ஒட்டி ஓடுகின்றன. மாடு ஈயை ஓட்டச் சிலிர்க்கிறதே, அதே தசை. அந்தத் தமனியோடு சேர்த்து மடலை எடுத்தால் நீளமாக எடுக்கலாம், அழுகாது. லாரி ஊரான நமக்கு இது முக்கியம். சக்கரத்தில் சிக்கித் தோல் உரிந்த நாய்கள் இங்கே வருவதற்குக் குறைவில்லை. 1997-ல் அர்ஜென்டாவும் மோரிக்வாஸும் புண்மேல் ஸ்பஞ்சு வைத்து மூடிக் காற்றை உறிஞ்சும் முறையை வெளியிட்டார்கள். அதை முதலில் சோதித்தது பன்றிகளில். இப்போது நாய்களின் ஒட்டுத்தோலுக்கு மேலும் வைக்கிறார்கள், அசைவும் தேங்கும் நீரும் ஒரே அடியில் அடங்குகின்றன. நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து தட்டணுக்களைச் செறிவாக்கிப் புண்ணில் விடுவதும் நடக்கிறது. அதில் பலன் சில இடத்தில் தெரிகிறது, சில இடத்தில் தெரியவில்லை. நான் இன்னும் முழுதாக நம்பத் தயாரில்லை.

கிராமத்து மருந்தகத்தில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. 1910-லேயே பால்டிமோரில் டேவிஸ் என்ற சர்ஜன், கருவைச் சுற்றியுள்ள பனிக்குடச் சவ்வைப் புண்ணுக்குப் போர்த்திப் பார்த்திருக்கிறார். குதிரைக் கால் புண்ணுக்கு அது நல்ல போர்வை, சதை பொங்குவதைக் கட்டுப்படுத்தும் என்று பிற்பாடு கண்டார்கள். நம் பக்கம் மாடு ஈன்றால் நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடுவது வழக்கம். மரத்துக்குப் போகும் முன் அந்தச் சவ்வில் ஒரு துண்டு, முறையாகக் கழுவிச் சுத்தம் செய்து, நம் கைக்கு வந்தால் என்ன என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சந்திப்பன்று என்னைத் தேடிப் பிடியுங்கள்.

லேத்துக்காரர் செய்து கொடுத்த இரண்டு குழாய்களும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஆறு மில்லிமீட்டர் குழாயின் வாய் ஒரு பக்கம் கொஞ்சம் மழுங்கிவிட்டது. சட்டைப் பையில் போட்டு எடுத்து வருகிறேன்.